வைரவர் கோயில் டிராக்டருக்கு ஒரு பம்ப்

கெபெக்கில், லாசாலில் ஒரு பழைய கிடங்கில் குடியிருக்கும் எங்கள் வைரவர், குளிர்காலத்தில் பக்தர்களைவிடப் பனியைத்தான் அதிகம் பார்ப்பார். கார் தரிப்பிடத்தைத் துப்புரவாக்க வந்துகொண்டிருந்த கெபெக்காரர் ஓய்வு பெற்று புளோரிடாவுக்குப் போய்விட்டார். உடனே கோயில் சபை ஒரு சின்ன டிராக்டரும், அதன் மூக்கில் மாட்ட ஒரு பனி எறியும் மெசினும் வாங்கியது. ஓட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில், விமானச் சக்கரங்களை எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பாகங்களோடு நான் பல வருடமாகக் குப்பை கொட்டுவதுதான் காரணம்.

அந்தத் தகுதியில் மெசின் வந்த அன்றே சபைத் தலைவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். பனியை எறியும் விசிறியைச் சுழற்றுவது, பம்ப் தள்ளும் எண்ணெய். டிராக்டரில் ஏற்கெனவே உள்ள பம்ப் மண் அள்ளும் முன்வாளியைத் தூக்கும். விசிறி ஓயாமல் சுற்றுவதற்கு வேண்டிய அளவு எண்ணெயை அனுப்பாது. பின்பக்கம் சுழலும் தண்டில் இன்னொரு பெரிய பம்பைப் பூட்டி, அதற்கென ஓர் எண்ணெய்த் தாங்கி வைத்து, அங்கிருந்து முன்னுக்குக் குழாய் இழுக்க வேண்டும்.

தலைவர் லவாலில் வீடு வாங்கி விற்பவர். அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"தம்பி, இது ஒரு வாளி மண்ணை அலாக்காத் தூக்குது. பஞ்சு மாதிரிப் பனியை எறியாதோ?"

"அண்ணை, தூக்கிறது வேற, சுத்திறது வேற. கையில எவ்வளவு பலமிருந்தாலும், தேக்கரண்டியால அன்னதானத்துக்குச் சாம்பார் ஊத்தேலுமோ?"

"நீர் எல்லாத்தையும் பெரிசாக்கிறீர்."

கார்த்திகையில் நல்ல நேரம் பார்த்து டிராக்டருக்குப் பூசை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், என்ஜின் மூடிக்குச் சந்தனப் பொட்டு, வைரவருக்குப் போட்டதுபோக மிஞ்சிய வடைமாலை. ஐயர் தேங்காய் உடைத்ததும் நான் விசையை முறுக்கினேன். விசிறி அழகாகச் சுற்றியது. தரையில் மருந்துக்கும் பனி இல்லை. காற்றை எறிவதற்கு எந்தப் பம்பும் போதும்.

"பாத்தீரோ?" என்றார் தலைவர். சனம் கை தட்டியது. நான் டிராக்டரின் மாலையிலிருந்து ஒரு வடையைப் பிய்த்துத் தின்றேன். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிசன் தன் வாயால், "நீர் சொன்னது சரி" என்று சொல்ல வேண்டும். வைரவரிடம்கூட அதைத்தான் கேட்டேன்.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் பனி கொட்டித் தள்ளியது. பொங்கலன்று விடிந்ததும் டிராக்டரோடு இறங்கினேன். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி முனகியது. பல் துலக்கிவிட்டுக் கொப்பளிப்பதுபோல் பனியைத் தன் காலடியிலேயே துப்பிவிட்டு நின்றுவிட்டது. நான் பின்னுக்கு எடுத்து மறுபடி முட்டினேன். மறுபடி துப்பியது.

தெருவில் கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே விட இடமில்லை. தலைவர் காரிலிருந்து இறங்கி வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மெசினில பிழையில்லை. ஓட்டிறதிலதான் பிழை."

அதுதான் சுட்டது. அந்தக் குளிரிலும் காது கொதித்தது.

பிறகு ஆணும் பெண்ணுமாக எல்லோரும் பனி அள்ளச் சவள் பிடித்தோம். ஓரமாக அடுப்பு மூட்டிய என் மனைவி, "பானை பொங்கிட்டுது. உங்கட மெசின்தான் பொங்கேல்ல," என்றாள். இவளுமா என்று இருந்தது.

ஆனால் அன்று தலைவரும் சவள் பிடித்தார். மறுநாள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. என் விளக்கம் செய்யாததை அந்த முதுகு செய்தது. படுத்தபடியே பம்புக்கு ஓடர் கொடுத்தார்.

மாசியில் பம்ப் வந்தது. தாங்கியையும் குழாய்களையும் நானே பூட்டினேன். மறுபடி பூசை, மறுபடி வடை. இந்தமுறை நான் ஒரு நிபந்தனை போட்டேன்: பனி கொட்டிய அடுத்த நாள்தான் நல்ல நாள். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எப்படியோ அதற்கு இசைந்த நேரத்தைக் கண்டுபிடித்துத் தந்தார்.

பின்தண்டைச் சுழல விட்டேன். பம்ப் இரைந்தது. மெசின் பனிக்குள் வாயை வைத்ததுதான் தாமதம், மேலே நீட்டிய குழல் வழியாகப் பனி வேலியைத் தாண்டிப் பறந்தது. சனம் கூவியது. என் மனைவி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு பம்புக்காகத்தான்.

மெசினை மெதுவாக்கிவிட்டுத் தலைவரைப் பார்த்தேன். பட்டு வேட்டியும் அதன் மேல் குளிர் கோட்டுமாக ஐயருக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஐயரின் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னனான் ஐயா, பின்னால ஒரு பம்ப் பூட்டினாத்தான் இது சரிவருமெண்டு."

குழலை இடம் வலம் திருப்புகிற பிடி என் வலது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பனியைக் காற்றுத்தான் அந்தப் பக்கம் கொண்டுபோனது என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். தலைவர் கோட்டைக் கழற்றி உதறி, வேட்டிக்குள் போன பனியையும் உதறி முடிக்கும்வரை, கூரையில் கட்டியிருந்த கோயில் கொடி ஒருதரமும் அசையவில்லை.