படகு வரும்வரை

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தீபாவளி லீவு விட்டதும் நானும் மனைவியும் அந்தமான் போவதென்று முடிவு செய்தோம். அங்கே டவுனுக்குள்ளேயே இருந்த விடுதி ஒன்றை நான் பார்த்து வைத்திருந்தேன். அதன் எதிரே கடற்கரை முழுக்கப் பாறை.

"ஏனுங்க, இத்தன தூரம் போயி கல்லையா பாத்துட்டு உக்காந்திருக்கறது?" என்றாள். கடைசியில் படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு சின்னத் தீவில் அறை எடுத்தோம்.

கடற்கரை உண்மையிலேயே அழகுதான். மறுநாள் காலை முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தவள் திடீரென்று வீறிட்டாள். சொறிமீன் ஒன்று, ஜெல்லி மீன் என்பார்களே அது, அவள் காலைச் சுற்றியிருந்தது. கரைக்குத் தூக்கி வருவதற்குள் உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. தீவில் டாக்டர் இல்லை. இருந்த ஒரே படகும் ஆட்களை ஏற்றிவர அக்கரைக்குப் போயிருந்தது. விடுதிக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கொண்ணும் ஆவாதுங்களே?" என்றாள்.

"ஆவாது கண்ணு" என்றேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் படகு வந்தது. அக்கரை ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. மீதி நாட்களுக்கு அந்த ஆஸ்பத்திரித் தெருவிலேயே ரூம் எடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் மீன் மார்க்கெட் நாற்றம். அவள் மதியம் முழுக்க அசந்து தூங்கினாள். நான் அடிக்கடி குனிந்து அவள் மூச்சைக் கேட்டேன்.