உப்புக்காற்றுக்கு வாரண்டி இல்லை

காலை ஒன்பதரை மணி, மூன்று புகார், மூன்றும் ஒரே பெயரில்: முனுசாமி, எர்ணாவூர். ஏசி மெக்கானிக் வேலையில் ஒரே பெயர் மூன்று தரம் வந்தால், முதல் இரண்டு தரம் போனவன் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

நீங்களும் ஒரு மெக்கானிக்குக்காக அரைநாள் லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்தான். வராதவனை என்னவெல்லாம் சொல்லித் திட்டினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு கம்பெனியின் சர்வீஸ் ஆளாக அலைந்த வருஷங்களில் அதைவிட மோசமாக நானே திட்டியிருக்கிறேன், எங்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த, நீங்கள் திட்டத் தவறிய ஆட்களை.

தொட்டால் விபூதி

முனுசாமி ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு. மனைவி கஸ்தூரிக்கு ஆஸ்துமா. சாயங்காலம் காற்று திரும்பினால் ஆலைப்புகை நேராக வீட்டுக்குள் வரும். ஜன்னலைத் திறந்தால் இழுப்பு, மூடினால் வேக்காடு. தெருவிலேயே முதல் ஏசி அவர்கள் வீட்டில் வந்தது அதனால்தான். பவுசுக்காக வாங்கியதில்லை.

மொட்டைமாடியில் வெளிப்பெட்டியைத் திறந்தேன். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே காயில் என்று ஒன்று உண்டு. செம்புக் குழாயும் அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகளும். வீட்டுச் சூடு அதன் வழியாகத்தான் வெளியேறும். விரலால் தொட்டேன், தகடு விபூதி மாதிரி கையோடு வந்தது. கடல் உப்பும் ஆலைப்புகையும் பங்கு போட்டுத் தின்றிருந்தன. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குழாயில் நாலு இடத்தில் குமிழி. எனக்கு முன்னால் வந்தவர்கள் ஓட்டையை விட்டுவிட்டு கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

காயிலையே மாற்ற வேண்டும், வாரண்டி இருக்கிறது, கம்பெனிக்கு எழுதுகிறேன் என்றேன். ஓட்டைகளைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, கம்பெனி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் ஒப்பித்தேன்: வாரம் ஒருமுறை காயிலை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. வரிசையில் வைத்திருந்த தன் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கஸ்தூரி எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நல்ல தண்ணிய உன் பெட்டிக்கு ஊத்திட்டு, தாகம் எடுத்தா நான் பெட்டியாண்ட போய் நிக்கவா நைனா?”

நெத்திலிக்கு ஒரு ஏசி

அதே வாரம் திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு வீடு. விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம். வீட்டுக்கார அம்மா பெயர் அஞ்சலை. என்னோடு தயாளன் வந்திருந்தான். வியாசர்பாடிக்காரன், நல்ல கைவேலைக்காரன், வாயை மட்டும் மூடத் தெரியாதவன். ஏசி குளிரவில்லை என்று புகார். மாடிக்குப் போய்ப் பார்த்தால் வெளிப்பெட்டியின் மேலும் முன்னாலும் பழைய வலையை இழுத்துக் கட்டி, உப்புப் போட்ட நெத்திலியைப் பரப்பியிருந்தார்கள். மழை மூட்டம் போட்ட நாட்கள். பெட்டியின் சூட்டுக்காற்றில் மீன் அருமையாகக் காய்ந்துகொண்டிருந்தது. உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காயிலில் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் வலையை அவிழ்க்கப் போனேன். அஞ்சலை நகரவில்லை. இது மிஷினைக் கொல்லும் என்று விளக்கினேன். தயாளன் அதற்குள் ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுப் பதமாக இருக்கிறது என்றான். அஞ்சலை அவனிடம்தான் பதில் சொன்னார்.

“உள்ள இருக்கறவனுக்கு குளுருது, வெளிய இருக்கற மீனு காயுது. சும்மா கடலுக்குப் போற சூடுதானே, இதுல உங்க கம்பெனிக்கு இன்னா பேஜாரு?”

ஓட்டலில் எதிர்காலம்

பத்து நாள் கழித்து கம்பெனியில் எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஏசி என்பது வீட்டுச் சூட்டை அள்ளி வெளியே கொட்டும் ஒரு பம்பு. அதைத் திருப்பிவிட்டால் வெளிச்சூட்டை உள்ளே கொண்டுவரும். இனி ஒரே பெட்டி கோடையில் குளிரும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும். கொட்டுகிற சூட்டை வீணாக்காமல் குளிக்க வெந்நீர் போட்டுத் தரும். தேவைக்கேற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் கரண்டை மிச்சம் பிடிக்கும். செல்போனில் சொன்னால் கேட்கும். அத்தனையும் வரத்தான் போகிறது என்று எனக்கும் தெரியும். உப்புக்காற்றைத் தாங்குமா என்று எழுந்து கேட்டேன். அது ஆராய்ச்சியில் இருக்கிறது என்றார்.

டீ இடைவேளையில் தயாளன், பக்கத்தில் ஏரியா மேனேஜர் நிற்பது தெரிந்தே, நெத்திலிக் கதையைச் சொன்னான். வீணாகும் சூட்டை அஞ்சலை இப்போதே பிடித்துவிட்டதாகச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். எந்த ஏரியா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தயாளனுக்கு அன்றைக்கு ஒரே கவலைதான்.

“குளிர்காலத்துக்கு ஹீட்டராம் மாமு. நம்ம ஏரியால குளிர்காலம்னா இன்னா, ஃபேன ரெண்டுல வெக்கிறது. அதுக்கு ஒரு பெட்டியா?”

வாசனை ஆகாது

முனுசாமி வீட்டுக் காயிலுக்குப் பதில் வந்தது. கிடையாது. காரணம்: அந்தப் பகுதியில் வெளிப்பெட்டியின் மேல் கருவாடு காயவைக்கும் பழக்கம் இருக்கிறது, தவறான பயன்பாட்டுக்கு வாரண்டி பொருந்தாது. திருவொற்றியூரில் ஒரு பெண் நெத்திலி காயவைத்தால் எர்ணாவூரில் ஒரு பெண்ணுக்கு மூச்சு கிடையாது. டீ குடித்துக்கொண்டே எடுத்த முடிவு அது.

அதைச் சொல்ல வேண்டியவன் நான். மேனேஜர்கள் எர்ணாவூருக்கு வருவதில்லை. நான் போட்ட அடைப்பு அதற்குள் விட்டுப்போய், ஏசி வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கஸ்தூரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். மூடிய ஜன்னல் பக்கத்தில் விசிறியோடு முனுசாமி. ஷிஃப்டுக்குப் போகவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அவளுக்கு விசிறிக்கொண்டே கேட்டார்.

“எங்க வூட்ல கருவாடு வாங்கியே ஆறு வருஷம் ஆவுது சார். இவளுக்கு அந்த வாசனை ஆவாது.”

மேஜை மேல் காயில்

முனுசாமியிடம் கேட்டு, அந்தக் காயிலைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய் மேனேஜரின் மேஜை மேல் வைத்தேன். அரித்த தகடு மேஜைக் கண்ணாடி மேல் சாம்பலாகக் கொட்டியது. நெத்திலி வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். தயாளனும் வந்திருந்தான். நான் சொன்னது வேறு வீடு சார், சிரிப்புக்காகச் சொன்னது சார் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். மேனேஜர் அவனைப் பார்க்கவே இல்லை. அவர் அறையில் ஏசி நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

“உப்பு அரிக்காத பூச்சு போட்ட காயில் சீக்கிரம் வரப்போகுது. டெக்னாலஜி வர்றவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க.”

சொல்லவில்லை என்றால் என்னை நானே மதிக்க முடியாது என்று, எர்ணாவூருக்குப் போய் அதே வார்த்தைகளில் சொன்னேன். கஸ்தூரி மருந்தை உறிஞ்சி முடித்து, இழுப்பு அடங்கக் காத்திருந்து, பிறகு கேட்டார்.

“அதுவரைக்கும் மூச்ச புடிச்சிகினு இருக்கணுமா, இல்ல அரை மூச்சு வுட்டுக்கலாமா? அதையும் கேட்டு சொல்லிடு நைனா.”

2004 ஜூன் மாதம் பூச்சு போட்ட காயில் சென்னைக்கு வந்து, முதல் பெட்டி கடல் எட்டாத அண்ணா நகரில் மாட்டப்பட்டது. அதே மாதம் முனுசாமியும் கஸ்தூரியும் எர்ணாவூரில் கட்டிய சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பெரம்பூரில் ஜன்னலைத் திறந்துவைக்க முடிகிற ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.