கொடைக்கு மறுநாள் தலை எண்ண வந்தார்கள்

...அதனால்தான் சொல்கிறேன், மஞ்சள் தண்ணீர் வாசம் எங்கே அடித்தாலும் எனக்குக் கோயில் ஞாபகம் வராது, பள்ளிக்கூட ஞாபகம்தான் வரும். அம்மன் என்னை மன்னிக்கட்டும். சிரிக்காதீர்கள், முழுதும் கேளுங்கள்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். பத்தமடைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் ஓரத்தில் ஆரம்பப் பள்ளி. இரண்டு அறை, இரண்டே ஆசிரியர்கள். பெரிய சார் ஒருவர். இன்னொருவர் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஞானசுந்தரி டீச்சர். என் மகள் செல்வி அப்போது இரண்டாம் வகுப்பு.

பள்ளிக்கூடம் சார்களுடையது என்று நாங்கள் விட்டுவிடவில்லை. மதியச் சாப்பாடு பரிமாற தினம் இரண்டு அம்மாக்கள் முறை வைத்துப் போவோம். வேலி அடைப்பது அப்பாக்கள் வேலை. வேப்பங்கன்றுகளுக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள்.

ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டீச்சர் பிள்ளைகளின் சிலேட்டில் எழுதி அனுப்புவார். படித்துவிட்டு அதற்குக் கீழே நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் செல்வியின் கக்கத்தில் பாதி அழிந்துபோகும்!

அந்த வருஷம் ஒரு சிக்கல். நாற்பது பிள்ளைகள் இல்லாவிட்டால் இரண்டாவது ஆசிரியர் கிடையாது, டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். எங்கள் பதிவேட்டில் சரியாக நாற்பது பெயர். அதிகாரி நேரில் வந்து எண்ணுவாராம். ஒரு தலை குறைந்தாலும் டீச்சர் போய்விடுவார்.

அதிகாரி வந்தது எந்த நாள் தெரியுமா... அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள்!

அன்றைக்கு ஊரே மஞ்சள் நீராடும். மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் துரத்தித் துரத்தி ஊற்றுவார்கள். அந்த நாளில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூடப் பள்ளிக்கூடம் போனதாகச் சரித்திரம் இல்லை.

காலையில் செல்வியின் ரிப்பனைத் தேடினேன். அவள் புத்தகப் பைக்கு அடியில் சிலேட்டு. "நாளை காலை அதிகாரி வருகிறார். எல்லாரும் கட்டாயம் வரவும்." முந்தின நாள் மத்தியானமே டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். மேளச் சத்தம் கேட்ட பிள்ளைகள் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். எந்த வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை.

ஈரச் சேலையோடு தெருவில் ஓடினேன்.

"பேச்சி மதினி! டீச்சரை மாத்தப் போறாவளாம்! வீட்டுல இருக்க பிள்ளையள எல்லாம் பள்ளிக்கொடத்துக்கு அனுப்புங்க!"

"குளிப்பாட்டாண்டாமாட்டி?"

"அதுக்குள்ள அந்த மனுசன் எண்ணிட்டுப் போயிருவாரு. அப்படியே தூக்கிட்டு வாங்க!"

எல்லாரும் அனுப்பினார்கள். வீட்டில் இருந்த எல்லாரையும் அனுப்பினார்கள்! களக்காட்டிலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் கொடைக்கு வந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தாயிற்று. உச்சி முதல் பாதம் வரை எல்லாம் மஞ்சள். தரையெல்லாம் சொட்டச் சொட்ட...

"இசக்கி, இதுல நம்ம பிள்ளைய எது? எனக்கே தெரியலையே!" என்று என்னைப் பார்த்து டீச்சர் தலையில் கை வைத்தார். அதற்குள் வாசலில் ஜீப்.

அதிகாரி எண்ணினார். ஐம்பத்தேழு. பதிவேட்டைத் திறந்தார். நாற்பது. முகம் மாறிவிட்டது.

"என்ன சார், எண்ணிக்கை காட்டுறதுக்கு வெளியூர்லேர்ந்து பிள்ளைகளைக் கொண்டாந்து எறக்கியிருக்கீங்களா?"

பெரிய சார் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசையில் ஒரு பொடியன் எழுந்து நின்று பெருமையாகச் சொல்கிறான்: "நான் களக்காடு! மாமா வீட்டுக்குக் கொடைக்கு வந்திருக்கேன்!"

பள்ளியைக் காப்பாற்றப் போய் டீச்சர் பெயரையே கெடுத்துவிட்டேனே தாயே... வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டேன்.

"சார், அவிய மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் தெருத்தெருவா கத்துனேன். விருந்தாளிப் பிள்ளையளும் சேந்து வந்துட்டு. நீங்களே பேர் வாசிங்க சார். எங்க பிள்ளைய மட்டும் எந்திக்கும்."

அவரே வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மஞ்சள் உருவம் எழுந்து "உள்ளேன் ஐயா!" என்றது. ஒவ்வொன்றுக்கும் நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். நாற்பது பெயர், நாற்பது குரல்.

பதிவேட்டை மூடிவிட்டு மனுஷன் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"நானும் அம்பாசமுத்திரம் பக்கந்தாம்மா. கொடை மறுநாள் நானே பள்ளிக்கொடம் போனதில்ல. இங்க ஒரு பிள்ளைகூட லீவு இல்லையே!"

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பேச்சி மதினி சும்மா இருப்பாளா? "எங்க ஊருக்கு வந்துட்டு வெள்ளைச் சட்டையோட போவப்பிடாது சார்" என்று ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றிவிட்டாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். செல்வி ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரை அவர் எங்கும் போகவில்லை.

இப்போது செல்வியின் மகன் பள்ளிக்கூடம் போகிறான். பெற்றோர் கூட்டம் என்றால் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. வந்த நிமிஷத்தில் அறுபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கூட்டத்தன்று வருவது என்னவோ எட்டுப் பேர். குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கிறது, செல்வியும் லீவு போட்டுத்தான் போகிறாள். ஆனாலும், மதினி மதினி என்று ஒரு தெருவையே கத்திக் கூட்டிக்கொண்டு போன அந்த ஓட்டம்... அது ஒரு சுகம்தான்.

அய்யோ, எழுதும்போதுதான் உறைக்கிறது. பூசாரி வீட்டுக் கணேசனும் அந்த நாற்பதில் ஒருத்தன். அவன் பெயருக்கும் "உள்ளேன் ஐயா" கேட்டது, என் காதால் கேட்டேன். ஆனால் அவன் வீட்டு வாசலில் மட்டும் நான் கத்தவே இல்லை. நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது. பிள்ளை அம்மை போட்டு உள்ளே படுத்துக் கிடந்தான்.