என் உடம்பில் தங்கச்சியின் காவல்

சொந்த ஊர்ப் பக்கம் வந்தும் உறவுக்காரர்களை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன். கோயமுத்தூரில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருக்கும் இந்த வாடகை வீட்டுக்குள் யாரையும் விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஷார்ஜாவில் பாதி ஆயுசு இருந்தேன். பக்கத்து ஃபிளாட்காரர் ஒரு நாளும் என் கதவைத் தட்டியதில்லை. அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரியும். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைக் குறையாகச் சொல்வேன். இப்போது என் கதவே அப்படி ஆகிவிட்டது. நேற்று சூலூரிலிருந்து பங்காளிகள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வேன் பிடித்து வந்துவிட்டார்கள். நோயாளியை நேரில் வந்து விசாரிக்காவிட்டால் எங்கள் பக்கம் அது பகை. ஜன்னலில் நின்று கும்பிட்டு, போனில் பேசினேன். பெரியப்பா மகன் பழனிச்சாமி ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஷார்ஜாக்காரருக்கு நாங்கெல்லாம் ஆகமாட்டமுங்களா?"

"அப்படி இல்லீங்கண்ணா. ஒரு தும்மல் போதுமுங்க, என்னைய முடிச்சுப்போடும்."

"தும்முறதுக்கா வேன் பிடிச்சுட்டு வந்தோம்?" என்றவர் பழப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஆறாவது தாண்டாதவன். தகரப் பெட்டியோடு போய் ஷார்ஜாவில் லேத் பட்டறை போட்டேன். படித்த என்ஜினியர்கள் என்னிடம் அளவு கேட்டு நிற்பார்கள். காய்ச்சலென்று படுத்ததில்லை. அப்படிப்பட்ட உடம்பில் ரத்தப் புற்று வந்தது. பொருத்தமானவர் ஒருவரின் ஸ்டெம்செல்லை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்லை, ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் குலத்து ஆண்கள் எல்லோருக்கும் ஒரே ரத்தம் என்று நம்பி வளர்ந்தவன், பங்காளிகள் அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். டாக்டரம்மா அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "கூடப் பிறந்தவங்க யாருமே இல்லீங்களா?" என்றார். தங்கச்சி சரசு இருக்கிறாள். கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்தாயிற்று, வேறு குலத்துக்குப் போய்விட்டவள் என்று அவளை நான் நினைத்தே பார்க்கவில்லை. பொருந்தியது அவள் மட்டும்தான்.

ஏற்றியும் ஆயிற்று. இப்போதைய பயம் வேறு. சின்ன வயதில் எப்போதோ புகுந்த வைரஸ் ஒன்று நம்மில் பெரும்பாலோர் உடம்பில் தூங்கிக் கிடக்கிறதாம். என் பழைய காவல் செல்களை மருந்து அழித்துவிட்டது. இனி சரசுவின் செல்கள்தான் காவல். வைரஸைக் கண்டதும் பாயச் சொல்லும் ஜீன்கள் சிலருடைய காவல் செல்களில் நிறைய, சிலருக்குக் குறைச்சல். குறைந்தால் அந்த வைரஸ் விழித்து நுரையீரலைப் பிடிக்கும் ஆபத்து கூடலாம் என்றார் டாக்டரம்மா.

"சரசுவுக்கு எப்படிங்க?"

"குறைச்சல்தானுங்க. ஆனா அது மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்ணாதுங்க. அதுக்குத்தான் வாராவாரம் ரத்தம் பாக்குறோம்."

வாராவாரம் செத்துப் பிழைக்கிறேன். லேத்தில் கோளாறென்றால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இது சத்தமே போடாது. தாங்காமல் சரசுவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

"எம்பட ரத்தம் சோப்ளாங்கியாமா?" என்று சிரித்தாள். "சின்ன வயசுல எருமைக்குப் பயந்து ஓடுனது நீங்கங்கண்ணா, நானில்லீங்க." பிறகு, "அதெல்லாம் பாத்துக்குமுங்க" என்றவள், அடுத்த ரத்தம் என்றைக்கு எடுப்பார்கள் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

இன்று காலை ரத்தம் எடுக்க வந்த பெண் ரத்த வகை கேட்டாள். "ஓ பாசிட்டிவ், அம்மணி" என்றேன்.

அவள் ஃபைலைப் பார்த்தாள். "அது பழசுங்கய்யா. இப்ப உங்க தங்கச்சியோட பி பாசிட்டிவ்ங்க."

அவள் போனபின் பர்ஸிலிருந்து ஷார்ஜா பட்டறையின் அடையாள அட்டையை எடுத்தேன். கறுத்த மீசையோடு நான். கீழே ஓ பாசிட்டிவ். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டேன். பஞ்சில் ஒட்டியிருந்தது கிணத்துக்கடவு ரத்தம். வைரஸ் விழித்ததா இல்லையா என்று சாயங்காலம் போனில் சொல்வார்கள். கேட்டில் பழப்பை இன்னும் தொங்குகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது, போன் இன்னும் அடிக்கவில்லை.