செங்குருகு பதில் சொன்ன காலை

லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதை நம்பித்தான் ஞாயிறுதோறும் மர்பி டவுன் வீட்டிலிருந்து பக்கத்து ஏரிக்குப் போய், அங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்து, எல்லாரும் பார்க்கிற பறவைச் செயலியில் பதிந்துகொண்டிருந்தேன்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு நாள், கோரைப் புதருக்குள்ளிருந்து "கொக், கொக், கொக்" என்று கேட்டது. செங்குருகு! லேசில் வெளியே வராத பறவை. எங்கள் ஏரியில் யாரும் பதிந்ததே இல்லை. கணக்கெடுக்கிறவர்கள் போனில் பறவையின் குரலைப் போட்டு அதைக் கூப்பிடக் கூடாது என்பது எங்களுக்குள் விதி. என் கை சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு தடவை போட்டேன். உடனே பதில் வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. 'ஒன்று, குரல் மட்டும்' என்று பதிந்தேன். போனில் குரலைப் போட்டதை மட்டும் எழுதவில்லை.

அதே காலையில் எதிர்க்கரையிலிருந்தும் ஒருவர் ஒரு செங்குருகைப் பதிந்திருந்தார். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழு யோசித்தது: இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று, ஆகவே ஜோடி, ஆகவே கூடு. நடைபாதை போடக் கோரையை வழிக்க வந்த இயந்திரத்தைக் குழு திருப்பி அனுப்பியது. ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

எதிர்க்கரைக்காரர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் ஒரு டீச்சர் என்பது குழுக் கூட்டத்தில்தான் தெரிந்தது. டீ குடிக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அன்னிக்கு போன்ல குருகு குரல ஒரு தடவ போட்டுட்டேன். ஒடனே பதில் வந்திச்சு."

டீயைக் கீழே வைத்தேன். "எத்தன மணிக்கு மேடம்?"

"ஆறே கால் இருக்கும்."

நானும் ஆறே காலுக்குத்தான் போட்டேன். "அப்ப நீங்க கேட்டது என் போன்."

"இல்ல சார், நீங்க கேட்டதுதான் என் போன். நான் மொதல்ல நெஜக் குருகக் கேட்டுட்டுத்தான் போட்டேன்."

"நானும் கேட்டுட்டுத்தான் போட்டேன்."

இருவரும் கேட்ட பிறகுதான் போட்டோம் என்றால், முதலில் கூப்பிட்டது யார்? குருகா? இல்லை, எங்களில் ஒருவருக்கு ஞாபகப் பிசகா? பதிவை நீக்கினால் இயந்திரம் மறுநாளே வரும். உள்ளே குருகு இருந்தால் அதன் கதி அவ்வளவுதான். நீக்காவிட்டால், இல்லாத பறவையை இருப்பதாக ஊருக்குச் சொன்னவன் நான். வெட்கமாக இருந்தது. என் காதின் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு இருவரும் போன்களை அணைத்துவிட்டுக் கோரை ஓரம் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் தவளைச் சத்தம்தான். சலித்துப்போய் எழுந்தபோது, "கொக், கொக், கொக்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சத்தம் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால், தோளில் கேமராவும் உயர்த்திப் பிடித்த போனுமாக ஒருவர்.

"ஒங்க பதிவப் பாத்துட்டு ஓசூர்லருந்து வர்றேன் சார். குருகு இங்கதான இருக்கு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். தெரியல என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இருக்கு," என்றேன். "போன ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க."

மூவரும் உட்கார்ந்தோம். பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கோரையும்.