மியூட்டில் கிடந்த தமிழ்ப் பாட்டு

கேரள எல்லையோரம் வெள்ளறடையில் என் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் கோயில் திருவிழாப் பாட்டு என்றால், ஒரே இசைக்கு மலையாளத்திலும் தமிழிலும் பாட வேண்டும். லீவுக்கு வந்திருந்த ஷீபா அக்கா இந்த வருஷப் பாட்டை இரண்டு மொழியிலும் பாடிக் கொடுத்துவிட்டு நர்ஸ் வேலைக்கு மஸ்கட் திரும்பிவிட்டார்.

மறுநாள் கம்ப்யூட்டர், புதிய இயங்குதளத்துக்கு மாறட்டுமா என்று கேட்டது.

"போட்டுரு, புதுசு நல்லதாக்கும்" என்றார் கணவர்.

"தொடாத மக்கா, மாத்தின பெறவு எனக்க சவுண்ட் கார்டு வேல செய்யாம கெடக்கு" என்றாள் இதே தொழில் செய்யும் காஞ்சிரங்குளம் தோழி.

யாரை நம்புவது? குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டுகளை எல்லாம் ஆடியோவாகத் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு, பட்டனை அழுத்தப் போனேன். போன் அடித்தது. ஷீபா அக்கா.

"மக்கா, அந்தத் தமிழ்ப் பாட்ட அனுப்பு. இங்க கூட வேல செய்யுற கூட்டுக்காரிமாருக்குக் கேக்கணுமாம்."

டிஸ்கில் தேடினால் மலையாளம் மட்டுமே இருந்தது. அதைத் தனியாகக் கேட்பதற்காகத் தமிழ்க் குரலை மியூட் செய்திருந்தேன்; மியூட்டில் கிடந்தது ஏறவே இல்லை. நல்லவேளை, இன்னும் மாற்றவில்லை. மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் இருக்கும் மூலப் பதிவு திறக்காமல் போயிருந்தால், மைக்கைத் தூக்கிக்கொண்டு மஸ்கட்டுக்கா போக முடியும்?

இப்போது எதை நகல் எடுத்தாலும் இரண்டு மொழியையும் கடைசி வரை போட்டுக் கேட்டுவிடுகிறேன். மாறுவதா, வேண்டாமா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. கம்ப்யூட்டர் தினமும் கேட்கிறது. நானும் தினமும் 'பிறகு' என்பதையே அழுத்துகிறேன்.