இறங்குதுறைக்குக் கீழே விழுந்த திறப்பு

இன்று காலை நிஸார் நானாவின் மீன் லொறித் திறப்பு, சாவி வளையத்தோடு, இறங்குதுறைப் பலகை இடுக்கால் கடலுக்குள் விழுந்துவிட்டது. லொறி நிறைய மீன். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

அந்த இடுக்கு போன மாரியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

படகுக்காரன் சுதனிடம் பழைய ஸ்பீக்கர்க் காந்தம் ஒன்று இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கினேன்.

"திறப்பு பித்தளை தம்பி. காந்தத்தில ஒட்டாது" என்றார் நானா, அழாத குறையாக.

"வளையம் இரும்புதானே நானா?"

"ஓம்... வளையம் இரும்பு!"

முதலில் துருப்பிடித்த போல்ட் ஒன்று வந்தது. பிறகு ஆணிகள். பிறகும் போல்ட். எல்லாம் நாங்கள் நின்ற பலகையிலிருந்து கழன்றவை.

"டேய், பாதி இறங்குதுறை அடியிலதான் கிடக்கு" என்றான் சுதன்.

கடைசியில் வளையம் ஒட்டிக்கொண்டு வந்தது, திறப்பும் கூடவே. நானா ஒரு பாரைமீனை என் கையில் திணித்துவிட்டு லொறியில் பறந்தார்.

நான் போல்ட்டுகளை அள்ளிக்கொண்டு, பலகை திருத்த வேண்டிய அலுவலகத்துக்குப் போனேன்.

"ஐயா இல்லை. நாளைக்கு வாங்கோ" என்றார் வாசலில் இருந்தவர்.

காந்தம் பித்தளையை இழுக்காது, அலுமினியத்தையும் இழுக்காது. ஐயா என்ன உலோகம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. கயிறு என்னிடம் இருக்கிறது.